தலைப்பிரசவமும் தாய்ப்பாலும்

(நமது சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் சங்கத்தார் இன்று நமக்குப் பணித்த விஷயம் ‘சிசு பரிபாலனம்’ என்பதாகும். அஃது ஒரு பெருங்கடல். ஒரு நாழிகைப் பொழுதில் அதனைக் கரைகாணுதல் எவர்க்கும் இயலாது. ஆதலின் அக்கடலின் ஒரு துறையில் மாத்திரம் இறங்குவோம். தலைச்சன் பிள்ளையைப் பெறவிருக்கும் நம் பெண்களுக்குப் பால் கொடுக்கும் முறையையும், பச்சைக் குழந்தையைப் பேணும் முறையையும், பிள்ளை பிறப்பதற்கு முன்னரே கற்பித்தல் வேண்டும் என்பதே நாம் கூறப் புகுந்தது.

“பால் கொடுப்பதையும் ஒருவர் கற்பிக்க வேண்டுமோ? ஆடும் மாடும் எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றன?” என்று சில பெரியோர் நகைக்கக்கூடும். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறு நகைத்தவரே. ஆயின் சற்று ஆராய்ந்து பாருங்கள். முன்னாளில் கூட்டுக் குடும்பத்திற் பிறந்த பெண்ணொருத்தி, தன் தமக்கை பிள்ளைக்குப் பால் கொடுப்பதையும், சிற்றன்னை பிள்ளையைக் காலிற் கிடத்தி நீராட்டுவதையும் சிறு பிராயமுதற் கண்ணாற் கண்டு வளர்ந்தாள். கல்வி அங்கே நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பள்ளிக்கூடம் என்று பெயரிடவில்லை, அவ்வளவே. இன்றோ நம் பெண்கள் பட்டணத்திலே நான்கு சுவர்களுக்குள் தனித்து வளர்ந்து, காலேஜிற் படித்து, உத்தியோகம் பார்த்து, மணம் புரிந்து, தாங்கள் பெற்ற பிள்ளையையே முதன்முதலாகக் கையில் ஏந்தும் பச்சைக் குழந்தையாகக் காண்கின்றனர். கண்டு கற்கும் வழி அடைபட்டது. கேட்டுக் கற்கும் வழியையோ நாம் திறக்கவில்லை.

நம் குடும்பங்களில் ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்துகிறோம். ஐவகைச் சாதம் சமைக்கிறோம், கைநிறைய வளை அடுக்குகிறோம், மண்டபம் பிடிக்கிறோம், உறவினர் நூற்றுவரை அழைக்கிறோம். வந்திருக்கும் மாதருள் பிள்ளை பெற்று வளர்த்தவர் பலர். ஆயினும் அந்தப் பெண்ணின் பக்கத்தில் அமர்ந்து, “அம்மா! பிள்ளை பிறந்த முதல் மணியில் நீ செய்ய வேண்டியது இது, முதல் மூன்று நாளில் உனக்கு நேரும் மனக்கலக்கம் இது, அதற்கு நீ அஞ்சாதே” என்று சொல்பவர் எத்தனை பேர்? நாம் அறிந்தவரை ஒருவரும் இலர்.

இதனை நாம் பிறர்மேற் குற்றமாகச் சொல்லவில்லை. நம் வீட்டில் நடந்ததையே சொல்லுகிறோம். 2004-ம் ஆண்டில் எம் மூத்த மகள் தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்தாள். சுகப்பிரசவம், ஆண் குழந்தை. வைத்தியசாலையினின்றும் குழந்தையைக் கையில் வாங்கியவுடன், குடும்பத்தில் மூத்தவர் என்ற முறையில் நாமே சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டுச் சேனை வைத்தோம். மகளின் மார்பில் மஞ்சள் நிறமாய்க் கசிந்த பாலைக் கண்டு, “இது கெட்ட பால்; பீய்ச்சி எறிந்துவிடு” என்றோம். குழந்தை அழுதது. “உனக்குப் பால் ஊறவில்லை” என்றோம். இரண்டாம் நாள் புட்டி வந்தது. மூன்றாம் நாள் மகளுக்கு மார்பு இரண்டும் கல்லாய்க் கட்டிக்கொண்டு காய்ச்சலும் கண்டது. புட்டியின் காம்பிற் பழகிய குழந்தை தாயின் மார்பைப் பற்ற மறுத்தது. நாற்பதாம் நாளில் பால் அறவே வற்றிவிட்டது. அக்குழந்தை ஆறு மாதத்திற்குள் இருமுறை வயிற்றுப்போக்கினால் வைத்தியசாலையிற் கிடந்தான். ஈசன் அருளால் பிழைத்து இன்று காலேஜிற் படிக்கிறான். ஆனால், “என் பிள்ளைக்குப் பால் கொடுக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை” என்று எம் மகள் இன்றும் சொல்லுவாள். அவள்மேற் குற்றம் ஒன்றுமில்லை. பால் இருந்தது, இல்லையென்று சொன்னது நாம். அறியாமையாற் செய்த அப்பிழையை இச்சபையில் ஒப்புக்கொள்ளுவது, வேறொரு வீட்டில் அது நேராதிருக்கும் பொருட்டே.

நிற்க. அந்த மஞ்சட்பால் யாது? அதுவே சீம்பால். வீட்டில் பசு கன்று ஈன்றால் நாம் என்ன செய்கிறோம்? முதலிற் கன்றை ஊட்டவிட்டு, மிஞ்சிய சீம்பாலைக் கருப்பட்டியிட்டுக் காய்ச்சி அண்டை வீடுகளுக்கும் கொடுத்து மகிழ்கிறோம். சீம்பால் குடியாத கன்று தேறாது என்பதை மாடு மேய்க்கும் சிறுவனும் அறிவான். பசுவின் சீம்பாலை அமிர்தமென்று உண்ணும் நாம், நம் பெண்ணின் சீம்பாலை அசுத்தமென்று நிலத்திற் பீய்ச்சச் சொல்லுகிறோம்! இதைவிடப் பெரிய முரண்பாடு வேறுண்டோ? மனிதக் குழந்தை நோயைத் தடுக்கும் சக்தியில் ஒரு பகுதியைக் கருவிலேயே தாயின் இரத்தத்தினின்றும் பெறுகிறது என்பது மெய்யே. ஆயினும் அதன் தொண்டையிலும் குடலிலும் பூச்சுப்போற் படிந்து கிருமிகளைத் தடுக்கும் பொருள் சீம்பாலிலேதான் மிகுதி. அதனாலேதான் வைத்தியர்கள் அதனைக் குழந்தையின் முதல் தடுப்பு மருந்து என்கிறார்கள்.

சீம்பால் அளவிற் சிறிது. முதல் நாளில் ஒருவேளைக்கு ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் அளவே சுரக்கும். இதைக் கண்டே “பால் இல்லை” என்று நாம் முடிவு கட்டுகிறோம். ஆனால் அன்று பிறந்த குழந்தையின் இரைப்பையும் மிகச் சிறிதே. அளவறிந்தே இயற்கை அளிக்கிறது. குழந்தை சப்பச் சப்பத் தாயின் மூளையினின்று இரண்டு சுரப்புகள் எழுகின்றன. ஒன்று பாலை உண்டாக்குகிறது, மற்றொன்று அதனை வெளியே தள்ளுகிறது. இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் பால் பெருகி இறங்குகிறது. ஊறும் கிணறு இறைக்க இறைக்கத்தான் ஊறும் என்பது நாம் அறிந்ததன்றோ? குழந்தையின் பசியைப் புட்டியால் அடைத்துவிட்டால் அது மார்பைச் சப்பாது; சப்பாவிட்டால் சுரவாது; சுரவாமை கண்டு மேலும் புட்டி கொடுப்போம். பால் உள்ள தாய்மார் பலர் பாலற்றவராகும் வழி இதுவே.

பிறந்த முதல் மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்குதல், ஆறு மாதம் முடியத் தாய்ப்பாலன்றி நீரும் கொடாதிருத்தல், அதன்பின் தக்க உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் பால் கொடுத்தல் என்பன உலக சுகாதார ஸ்தாபனத்தார் விதித்த மூன்று விதிகள். கானா தேசத்தில் ஏறக்குறைய 11,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த வைத்தியர்கள் 2006-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் மணியிலேயே பால் கொடுத்திருந்தால், அங்கே முதல் மாதத்தில் நேர்ந்த மரணங்களில் 100-க்கு 22 வரை தடுத்திருக்கலாம் என்பது அக்கணக்கு.

நம் தேசத்தின் நிலை யாது? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 100 பிரசவங்களில் 88-க்கு மேல் வைத்தியசாலையில் நடக்கின்றன. தமிழ்நாட்டிலோ 99-க்கு மேல். ஆயினும் தேசமுழுவதிலும் முதல் மணிக்குள் பால் பெற்ற குழந்தைகள் 100-க்கு 42-க்கும் குறைவு. டாக்டர் அருகில் இருந்தும், நர்ஸ் அருகில் இருந்தும், பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் அம்முதல் மணியை இழக்கின்றன. வைத்தியசாலைக்குச் சென்றதனால் மாத்திரம் இக்காரியம் கைகூடாது என்பது இதனால் விளங்கும். பிரசவ வேதனையில் நைந்து கிடக்கும் பெண்ணிடம் அந்த நேரத்தில் எதனை உபதேசிப்பது? அவளைச் சூழ்ந்த தாயாரிடமும் மாமியாரிடமும் அப்போது எதனை வாதாடுவது? அம்முதல் மணிக்கு வேண்டிய அறிவு, அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அவ்வீட்டிற் புகுந்திருத்தல் வேண்டும். ஆபரேஷன் மூலம் பிள்ளை பெறுவோர் தமிழ்நாட்டில் 100-க்கு ஏறக்குறைய 45 பேர் ஆகிவிட்டனர். அவர்களும் தெளிவோடிருப்பின், துணையொருவர் குழந்தையைப் பக்கவாட்டிற் பிடித்துக் கொடுக்க, முதல் மணியிலேயே பால் கொடுக்கலாம். இதனை முன்னமே அறிந்த பெண் கேட்டுப் பெறுவாள்; அறியாதவள் வாளாவிருப்பாள்.

இனி, அப்பெண் முன்னமே அறிய வேண்டுவன சிலவற்றைச் சுருக்கிச் சொல்லுவோம்.

முதலாவது, பிடிக்கும் முறை. பிறந்த குழந்தையை ஈரம் துடைத்து, துணியின்றித் தாயின் வெறு மார்பின்மேற் கிடத்திப் போர்த்தினால், சூடும் தங்கும். குழந்தை தானே மார்பைத் தேடவும் செய்யும். குழந்தையின் தலையும் உடலும் ஒரே நேராகத் தாயை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். வாயை அகலத் திறந்த பின்பே மார்போடு அணைக்க வேண்டும். காம்பு மாத்திரம் வாயிற் போதாது. அதைச் சூழ்ந்த கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் அடங்க வேண்டும். மோவாய் மார்பிற் பட்டுக் கீழுதடு வெளியே மடிந்திருந்தால் சரியாகப் பற்றியது என்று கொள்ளலாம். காம்பில் வெடிப்பும் பொறுக்கவொண்ணாத வலியும் உண்டாயின், அது தலைவிதியன்று. பற்றியது சரியில்லை என்பதற்கு அடையாளம். குழந்தையின் வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து மெல்ல விடுவித்து மீண்டும் பற்றச் செய்க.

இரண்டாவது, போதுமா என்று அறியும் முறை. நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை, இரவும் பகலும், குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுக்க வேண்டும். குழந்தை அழுவதெல்லாம் பசியாலன்று. அழுகையை அளவுகோலாகக் கொண்டே நம் வீடுகள் ஏமாறுகின்றன. ஐந்தாம் நாளுக்குமேல் தினம் 6 முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதும். முதற் சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பே. இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடைக்கு மீளவேண்டும். மீளாவிடின் தாமதியாது டாக்டரிடம் காட்டுக.

மூன்றாவது, கொடுக்கலாகாதன. சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால், வெந்நீர், உரை மருந்து, வசம்பு ஆகிய இவையெல்லாம் அன்பினால் கொடுப்பனவே. ஆயினும் அவற்றோடு கிருமியும் செல்லுகிறது. தேனிற் கலந்திருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, ஒரு வயதிற்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளைத் தளரச் செய்யும் விஷத்தை உண்டாக்கும். சித்திரை வெயிலிலும் தண்ணீர் வேண்டுவதில்லை. தாய்ப்பாலில் 100-க்கு 87 பங்கு தண்ணீரே. டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்துகள் இவ்விலக்கில் அடங்கா.

“சேனை நம் முன்னோர் வழக்கமாயிற்றே, அதனை விடுவதெப்படி?” என்று கேட்பீர்கள். நற்குணமுடைய பெரியவர் ஒருவர் முதலில் தொட்டால் அக்குணம் குழந்தைக்கு வரும் என்பது அவ்வழக்கத்தின் கருத்து. அக்கருத்தை நாம் இகழவில்லை. அந்தப் பெரியவரே குழந்தையைக் கையில் ஏந்தி வாழ்த்தி, தாயின் மார்பிற் சேர்க்கட்டும். தாயின் சீம்பாலே சேனையாகட்டும். பெற்ற தாயைவிட நற்குணம் உடையார் அக்குழந்தைக்கு வேறெவர்? எம்முடைய இரண்டாம் மகளின் பிரசவத்தில் இவ்வாறே செய்தோம். வழக்கமும் நின்றது, பாலும் நின்றது.

நான்காவது, டப்பாப் பால். 1939-ம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் சிஸிலி வில்லியம்ஸ் என்னும் லேடி டாக்டர், ‘பாலும் கொலையும்’ என்ற கடுமையான தலைப்பிட்டு ஒரு பிரசங்கம் செய்தார். தாய்ப்பாலைவிட டப்பாப் பாலே சிறந்தது எனத் தாய்மாரை நம்பச் செய்யும் விளம்பரங்களால் குழந்தைகள் மடிவதைக் கண்டு மனங்கொதித்துப் பேசியது அது. 1981-ல் உலக நாடுகள் கூடி அவ்வகை விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் விதிகளை வகுத்தன. நம் தேசத்தில் 1992-ல் சட்டம் பிறந்து 2003-ல் மேலும் இறுக்கப்பட்டது. இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளின் டப்பாப் பாலையும் டப்பா உணவையும் புட்டியையும் விளம்பரம் செய்வதும், தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதும் அச்சட்டப்படி குற்றம். ஆதலின் எவரேனும் இலவசமாக டப்பா நீட்டினால், அது தருமமன்று என்று அறிக. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். தாயின் நோயாலோ, குழந்தையின் நிலையாலோ டாக்டரே அதனை விதிக்கும் சமயமுண்டு. அவ்வாறு வளர்க்கும் தாயை நாம் ஒரு சொல்லும் பழித்தல் கூடாது. பழிச்சொல் பாலைச் சுரப்பிக்காது.

ஐந்தாவது, பேணும் முறை. பிறந்த குழந்தையை ஒரு நாள் முழுதும் கழியுமுன் நீராட்டலாகாது, உடல் குளிர்ந்துவிடும். தொப்புட்கொடியில் சாம்பலோ எண்ணெயோ மஞ்சளோ தடவாமல் உலரவிடுக. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல், வாயால் ஊதுதல், பிஞ்சு மார்பைப் பிதுக்குதல், தொக்கம் எடுத்தல், சாம்பிராணிப் புகையில் மூழ்கடித்தல் ஆகியவற்றை விடுக. உறங்கும்போது மல்லாத்தியே கிடத்துக. பிறந்த 24 மணிக்குள் மஞ்சட்காமாலைத் தடுப்பூசியும், அதனோடு காசநோய்த் தடுப்பூசியும் போலியோச் சொட்டு மருந்தும் போடப்பட்டனவா என்று கேட்டறிக. குழந்தை பால் குடியாது சோர்தல், வலிப்பு, நிமிஷத்திற்கு 60-ம் அதற்கு மேலும் மூச்சு வாங்குதல், மூச்சிழுக்கையில் மார்பு குழிதல், காய்ச்சல், உடல் சில்லிடுதல், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் மந்திரிக்கவும் வேர் கட்டவும் பொழுது போக்காது உடனே வைத்தியசாலைக்குச் செல்லுக.

சகோதரர்களே! இது பெண்டிர் விஷயமென்று பின்வரிசையில் அயர்ந்திருத்தல் தகாது. பத்தியமென்று தண்ணீரையும் குறைத்து அரைவயிறாய்க் கிடக்கும் தாய் எவ்வாறு தேறுவாள்? பூண்டும் முருங்கைக்கீரையும் பால்சுறாவும் நல்ல உணவே, கொடுங்கள். அவற்றோடு வயிறார எல்லாம் கொடுங்கள். இரவில் குழந்தையை எடுத்துக் கொடுப்பதும், துணி மாற்றுவதும், வந்தோர் “பால் போதவில்லையோ?” என்று கேட்கும்போது மனைவிக்காக விடை சொல்லுவதும் புருஷன் கடமை. உத்தியோகம் பார்க்கும் பெண்களுக்கு முதலிரண்டு பிரசவத்திற்கு 26 வாரச் சம்பள விடுமுறை 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. நம்மவருள் கடையும் ஆலையும் நடத்துவோர் பலர். தம் வீட்டுப் பெண்ணுக்குத் தாய்ப்பால் வேண்டுமென்று இங்கே கைதட்டி, தம் கடைப் பெண்ணுக்கு விடுமுறை மறுத்தல் நியாயமாகுமா என்பதை அவரவர் மனச்சாட்சியே கேட்கட்டும்.

இவ்வளவும் ஒரு பிரசங்கத்தாற் கைகூடுமென்று நாம் மயங்கவில்லை. நீந்துவதைப் பற்றிக் கேட்டவனெல்லாம் நீந்திவிடுவதில்லை. நீரில் இறங்கும்போது ஒரு கை தாங்க வேண்டும். முன்னே போதனையும், பின்னே கைத்துணையும் ஆகிய இரண்டும் சேர்ந்தாலே பயன். ஆதலின் நம் சங்கத்தார் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறோம்.

ஒன்று: அங்கத்தினர் வீட்டு வளைகாப்பு ஒவ்வொன்றிலும், வளையடுக்கி முடிந்தபின் அரைமணி நேரம் ஒதுக்குக. பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவரையேனும், அறிந்த மாது ஒருவரையேனும் கொண்டு, கர்ப்பிணியோடு அவள் தாயாரையும் மாமியாரையும் புருஷனையும் ஒருங்கே அமர்த்தி, ஒரு பொம்மையைக் கையில் வைத்துப் பிடிக்கும் முறையைக் காட்டுக. அரசாங்கத்தார் அங்கன்வாடிகளின் வழியாகச் சமுதாய வளைகாப்பு நடத்தி, எல்லாச் சாதிப் பெண்களையும் ஒரே வரிசையில் அமர்த்துகிறார்கள். நம் பெண்கள் அங்கே செல்வதைக் குறைவென்று எண்ணற்க.

இரண்டு: கிளைதோறும் பால் கொடுத்துப் பிள்ளை வளர்த்த மாதர் இருவர் முன்வருக. அவர்கள் வைத்தியசாலையிற் பயிற்சி பெற்று, பிரசவமான மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் அவ்வீட்டிற்குச் செல்லுக. மார்பு கட்டிக்கொள்வதும் மனந்தளர்வதும் அந்நாட்களிலேதான்.

மூன்று: நம் கல்யாண மண்டபத்தில் மணமகள் அறை உண்டு, சமையலறை உண்டு, பால் கொடுக்கும் தாய்க்கு ஓர் அறை இல்லை. திரையிட்ட சிற்றறை ஒன்று அமைக்க ஆகும் செலவு, ஒரு விருந்தின் செலவினுங் குறைவே. பேருந்து நிலையங்களிலே 2015-ல் அரசாங்கம் செய்ததை நம் மண்டபத்தில் நாம் செய்யலாகாதா?

பெரியோர்களே! பிள்ளைகளின் படிப்புக்கு நிதி திரட்டுகிறோம், கட்டடம் எழுப்புகிறோம். நன்றே. ஆயின் அப்பிள்ளை மண்ணில் விழுந்த முதல் மணியில், ஒரு காசும் செலவின்றிப் பெறவேண்டியதை நாமே தடுத்துவிட்டு, பின்னர் எத்தனை நிதி திரட்டியும் ஈடு செய்தல் அரிது. இச்சபையில் இன்று வளைக்கையோடு அமர்ந்திருக்கும் பெண்கள் சிலரைக் காண்கிறோம். அம்மா! உங்களுக்குப் பால் உண்டு. இல்லையென்று எவர் சொன்னாலும், மூன்று நாள் பொறுத்துக் குழந்தையை மார்பிலேயே வைத்திருங்கள். ஐயமுண்டாயின் டாக்டரைக் கேளுங்கள். அவர்களைச் சூழ்ந்திருக்கும் தாய்மாரே! மாமிமாரே! அந்த மூன்று நாளும் “உனக்குப் பால் இல்லை” என்னும் சொல்லை மாத்திரம் நாவில் அடக்குங்கள். நாம் அடக்கத் தவறியது அச்சொல்லே.

 தாயும் சேயும் நலமுற்று வாழ்க!

சுபம்.